எந்தக் காலத்துப் பாட்டு மட்டம்? கேசட் கடைக்காரரிடம் கேள்விகள்

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் இருபது வருஷம் கேசட் பதிவுக் கடை நடத்தியவன் நான். தமிழ் சினிமாப் பாட்டில் மோசமான காலம் எது, மோசமான பாட்டு எது என்று கேளுங்கள் என்றேன். அவ்வளவுதான், கேள்விகள் கொட்டிவிட்டன.

அண்ணாச்சி, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். மட்டமான காலம் எது?

2004-லிருந்து 2010 வரை. ரீமிக்ஸ் காலம். 2007 தீபாவளியை மட்டும் பாருங்கள். ஒரே நாளில் ‘அழகிய தமிழ் மகன்’, ‘பொல்லாதவன்’ இரண்டும் வந்தன. முதல் படத்தில் 1970-இன் ‘பொன்மகள் வந்தாள்’, இரண்டாவதில் 1979-இன் ‘எங்கேயும் எப்போதும்’. அடுத்த மாதமே ‘பில்லா’ வந்து, 1980-இல் வந்த ‘பில்லா’வின் பாட்டையே திரும்பப் பாடியது. ஆறு வாரத்துக்குள் மூன்று பழைய பாட்டு! மூன்றுமே எம்.எஸ்.வி. போட்டவை: இரண்டு நடிகர் திலகத்துக்கும் கமலுக்கும், மூன்றாவது ரஜினிக்கு. ஆட்டம் போட நன்றாகத்தான் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் அரிசி இருக்கும்போதே பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது போல இருந்தது எனக்கு.

அதே 2007-இல்தானே ‘பருத்திவீரன்’, ‘மொழி’, ‘சிவாஜி’ எல்லாம் வந்தன? உங்கள் கணக்கு இடிக்கிறதே, அண்ணே?

இடிக்கத்தான் செய்கிறது. ‘மொழி’யில் வித்யாசாகர் போட்ட ‘காற்றின் மொழி’யை வைத்துக்கொண்டு அந்த வருஷத்தை மட்டம் என்றால் எனக்கே வாய் கூசும். சரி, திருத்திக்கொள்கிறேன். அது மட்டமான காலம் இல்லை, சோம்பல் பட்ட காலம். கையில் சரக்கு இருந்தும் பழசை எடுத்து விற்ற காலம்.

1970 முதல் 75 வரைதான் படுமோசம். இந்திப் பாட்டுதான் எங்கும் ஒலித்தது. இளையராஜா வந்துதான் தமிழ்ப் பாட்டைக் காப்பாற்றினார். சரிதானே?

பாதி சரி. ‘ஆராதனா’வும் ‘பாபி’யும் இங்கே டீக்கடை டீக்கடையாக ஓடியது உண்மை. என் அண்ணனுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது, ‘பாபி’ பாட்டு அத்தனையும் மனப்பாடம். அவனை இழுத்தது மொழியில்லை, சத்தம். கிட்டார், டிரம்ஸ், பேஸ் எல்லாம் இந்தி இசைத்தட்டில் நெஞ்சில் இடிக்கும். நம் ஊர் ஒலிப்பதிவு அப்போது மெலிசாகக் கேட்டது.

ஆனால் பாட்டு மோசமில்லை. 1974-இல் ‘தீர்க்க சுமங்கலி’க்கு வாணி ஜெயராம் பாடிய ‘மல்லிகை என் மன்னன் மயங்கும்’ வந்தது. அடுத்த வருஷம் ‘அபூர்வ ராகங்கள்’, அதில் அவருக்குத் தேசிய விருது. இந்திப் படத்தைத் தழுவி ‘நாளை நமதே’ எடுத்தபோதுகூட எம்.எஸ்.வி. அந்த மெட்டுகளைத் தொடாமல் சொந்தமாகவே போட்டார். 1976-இல் ‘அன்னக்கிளி’ வந்து கதவைத் திறந்தது, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக உள்ளே எல்லாரும் செத்துக் கிடந்தார்கள் என்று சொல்லக் கூடாது.

ஐயா, எனக்கு வயது 78. ஐம்பதுகளில் இந்தத் தரக்குறைவு கிடையவே கிடையாது.

உங்களுக்குக் கிடையாது. கேஸ்கருக்கு இருந்தது! 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று அகில இந்திய வானொலியில் அதைக் குறைக்கப் போய், தயாரிப்பாளர்களோடு தகராறாகி, கொஞ்ச காலம் வானொலியில் சினிமாப் பாட்டே இல்லாமல் போனது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். நம் தெற்குச் சீமையில் சென்னையைவிடக் கொழும்பு தெளிவாகக் கேட்கும், உங்களுக்கே தெரிந்திருக்கும். கடைசியில் 1957-இல் ‘விவித் பாரதி’யைத் தொடங்கித்தான் ஆளை மீட்க வேண்டியிருந்தது. அவர் கெட்டுப்போனது என்று ஒதுக்கிய பாட்டைத்தான் நீங்கள் இன்று பொற்காலம் என்கிறீர்கள்.

எண்பதுகளில் ஒரு மோசமான பாட்டாவது காட்டுங்கள் பார்ப்போம்!

தம்பி, உன் எண்பதுகளை உனக்கு வடிகட்டிக் கொடுத்தவனே நான்தான். வாடிக்கையாளர் கோடு போட்ட தாளில் படம் பெயர், பாட்டு முதல் வரி என்று எழுதிக்கொண்டு வருவார். அறுபது நிமிஷக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு ஆறு, மிஞ்சினால் ஏழு பாட்டு பிடிக்கும். மொத்தம் பன்னிரண்டு பதின்மூன்று. அந்த இடத்தை யாராவது வீணாக்குவார்களா? படத்தில் ஐந்து பாட்டு இருந்தால் தாளில் இரண்டுதான் இருக்கும். ‘அந்த மூணாவதைப் போட்டுறாதீங்க’ என்று அடிக்கோடிட்டுச் சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு.

இளையராஜா அப்போது வருஷத்துக்கு நாற்பது படத்துக்கு மேல் இசையமைத்தார். படத்துக்கு ஐந்து என்றாலும் இருநூறு பாட்டு. கண்ணை மூடி 1985-இல் வந்தவற்றைச் சொல்லிப் பார், முப்பதில் நின்றுவிடுவாய். மிச்சமெல்லாம் என் அலமாரியில் மூல கேசட்டிலேயே தூங்கின. அதில் சில, தூங்கியதே நல்லது. (இப்படிப் பதிந்து விற்றது சட்டப்படி சரியா என்று கேட்காதீர்கள். ஊருக்கு ஊர் அதுதான் நடந்தது.)

‘கொலவெறி’யைவிடக் கேவலமான பாட்டு உண்டா?

நிறைய உண்டு. அது தெரிந்தே கொச்சையாக எழுதிய பாட்டு. 2011-இல் மூன்று வயசுப் பிள்ளையும் தாளம் தப்பாமல் பாடியதே, அந்த மெட்டு லேசானதா?

அப்படியானால் மோசமான பாட்டு எது? பெயர் சொல்லுங்கள், நழுவாதீர்கள்.

ஒரு பாட்டு இல்லை, ஒரு வகை. கதாநாயகன் வருகையைச் சொல்லும் பாட்டு. ஊரே கூடி நின்று அவர் சிங்கம், அவர் சூறாவளி என்று சொல்லும், இரண்டாவது வரி யாருக்கும் நினைவிருக்காது. ‘அண்ணாமலை’யில் தேவா போட்ட ‘வந்தேன்டா பால்காரன்’ விதிவிலக்கு. அதைக் கேசட்டின் இரண்டு பக்கமும் திரும்பத் திரும்பப் பதிந்து வாங்கிப் போனார் ஒருவர். நிஜமாகவே பால்காரர். பால் பாக்கிக்குக் கழித்துக்கொண்டோம்.

இப்போதைய பாடகர்கள் எல்லாம் ஆட்டோட்யூன் தயவில்தானே பாடுகிறார்கள்?

எல்லாரும் இல்லை. சுருதி விலகலைத் திருத்தும் அந்த மென்பொருள் 1997-லேயே வந்துவிட்டது. நீங்கள் ரசித்த பலவற்றிலும் அது ஒளிந்திருக்கும்.

மாமா, என் அப்பா உங்கள் கடையில் பதிந்த ஒரு கேசட் இருக்கிறது. பி சைடு கடைசிப் பாட்டு சரணத்தில் பாதியோடு நின்றுவிடுகிறது. அட்டையிலும் பெயர் இல்லை. அது என்ன பாட்டு?

டேப் தீர்ந்திருக்கும் அம்மா. நான் பதிந்திருந்தால் சத்தத்தைக் குறைத்து மெதுவாக முடித்திருப்பேன். இது கடைப்பையன் வேலை, இடம் பார்க்காமல் ஏழாவது பாட்டைத் திணித்திருக்கிறான். நின்ற இடம் வரைக்கும் போனில் பதிந்து அனுப்பு, கேட்டுச் சொல்கிறேன். டேப் எங்காவது அறுந்திருந்தால் செலோடேப் ஒட்டி ஓட்டாதே, பசை பிளேயரில் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் பிடித்துக்கொள்ளும்.