வேர் தேடுவோர் கூடும் இடம்: வாசகர் கேள்வி – பதில்

குடும்ப வரலாற்றுக் குழுக்களில் சேருவது பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் நூலகத்தில் மாதம் ஒருமுறை குடும்ப வரலாற்றுக் குழு கூடுவதாக அறிவிப்புப் பார்த்தேன். எங்கள் பூர்வீகம் இலங்கையின் வடமராட்சி. வருகிறவர்கள் எல்லாரும் ஆங்கிலேயர்களாக இருப்பார்கள். தேவாலயப் பதிவேடு, இங்கிலாந்துக் குடிசன மதிப்பீடு என்றுதான் பேச்சு ஓடும். அங்கே போய் எனக்கு என்ன ஆகப்போகிறது?
– வாசகி, ஹாரோ, லண்டன்

பதில்: தயங்காமல் போங்கள். உங்கள் பூட்டனாரை அவர்கள் தேடிப் பிடித்துத் தரமாட்டார்கள். ஆனால் காதில் விழுந்த ஒரு தகவலை எப்படிச் சோதிப்பது, ஒரு பதிவு எந்த அலுவலகத்தில் தங்கியிருக்கும் என்று எப்படி யோசிப்பது என்பதையெல்லாம் பல ஆண்டுகள் தேடிப் பழகியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்றுக்கொள்ள முடியும்.

இந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் இரண்டு மணி நேரம் நடக்கும். முதல் மணி நேரம் ஒருவர் பேசுவார். பிறகு தேநீர். அதற்குப் பின்னால் மடிக்கணினியும் காகிதமுமாக ஆளுக்கொரு மேசையில் சிக்கல்களை அவிழ்ப்பார்கள். புதியவருக்குப் பயன் தருவது இந்தக் கடைசிப் பகுதி. பேச்சு முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். முதல் இரண்டு கூட்டங்களுக்கு விருந்தாளியாகப் போய்ப் பார்த்துவிட்டுச் சந்தா கட்டலாம். சந்தா ஆண்டு எந்த மாதம் தொடங்குகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்டு முடியும் தறுவாயில் கட்டினால் இரண்டே மாதத்தில் மறுபடி கட்ட வேண்டிவரும்.

ஓர் எச்சரிக்கை. ‘உங்கள் பக்கத்துப் பதிவெல்லாம் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கும்’ என்று யாராவது அன்போடு வழிகாட்டுவார்கள். சென்னை மாகாணத்து ஆட்சித்தாள்களுக்கு அது சரி. இலங்கையோ 1802 முதல் மகுடக் குடியேற்ற நாடு, அதாவது பிரிட்டிஷ் அரசின் நேரடி ஆட்சியில் இருந்த நாடு; அதன் ஆட்சித்தாள்கள் லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், குடியேற்ற நாட்டு அலுவலகத் தொகுதிகளில் இருக்கின்றன. அங்கேயும் சாதாரணக் குடும்பத்தின் பிறப்பு இறப்பு கிடைக்காது. பூட்டனார் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவரானால் ‘புளூ புக்’ எனப்படும் ஆண்டுப் பட்டியல்களைப் பார்க்கலாம்.

அவ்வளவு தூரம் போவதற்கு முன்னால் வீட்டு அலுமாரியைத் திறந்து, பெரியவர்களின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுங்கள். சுதந்திரத்துக்குப் பிந்திய இலங்கைப் படிவத்தில், பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டம் உண்டு. ஒரே தாளில் மூன்று தலைமுறை! இடப்பெயர்வில் பத்திரம் தொலைந்திருந்தால் எண்பது வயது தாண்டிய உறவினர்களிடம் இந்த மாதமே பேசிப் பதிவு செய்யுங்கள். காப்பகம் அடுத்த வருஷமும் திறந்திருக்கும். அவர்கள் இருப்பார்களா என்பது தெரியாது.

கேள்வி: குழுவில் ஒரு படிவம் தந்தார்கள். ‘குடும்பப் பெயர்’ கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அதோடு எங்கள் அப்பா தன் அக்கா மகளைக் கட்டியவர். மென்பொருளில் ஏற்றினால் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. தாத்தாவின் ஜாதகத்தில் ‘பிரபவ வருஷம் மாசி மாதம்’ என்று இருக்கிறது. இதை எப்படித் தேதியாக்குவது?
– வாசகர், மெல்பர்ன் (பூர்வீகம் மதுரைப் பக்கம்)

பதில்: குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அப்பா பெயரை அங்கே போட்டால் தலைமுறைக்கு ஒரு ‘குடும்பம்’ முளைக்கும். மென்பொருளும் சம்பந்தமில்லாதவர்களை எல்லாம் உறவு என்று காட்டும். முழுப்பெயரைப் பெயர்க் கட்டத்தில் எழுதி, இனிஷியலின் விரிவைக் குறிப்பில் சேருங்கள். பெண்களுக்குக் கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல். இரண்டையும் குறித்து வையுங்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வீடுகளில் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பெயர் வரும். பிறந்த ஆண்டு தோராயமாகத் தெரிந்தாலும் பெயருக்குப் பக்கத்தில் எழுதாவிட்டால் இரண்டு முத்தையாக்கள் ஒரே ஆளாகிவிடுவார்கள்.

அக்கா மகள் சிக்கலுக்கு எண் போடும் முறை கைகொடுக்கும். நீங்கள் 1, அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவருடைய அப்பா. அதோடு ஒன்று கூட்டினால் அவருடைய அம்மா. ஆக உங்கள் அப்பாவைப் பெற்றவர்கள் 4, 5. அம்மாவைப் பெற்றவர் 7. அவர் உங்கள் அப்பாவின் அக்கா. அவருடைய அப்பா அம்மா 14, 15. 4-ம் 14-ம் ஒருவரே, 5-ம் 15-ம் ஒருவரே. மென்பொருளில் அவர்களை இரண்டாம் முறை புதிதாக ஏற்றாமல், ஏற்கெனவே இருக்கும் ஆளோடு இணைக்க வேண்டும். காகிதத்தில் ‘14 = 4’ என்று எழுதி அந்தக் கிளையை அங்கேயே நிறுத்திவிடுங்கள். குழுவினர் இது தட்டச்சுப் பிழை என்று திருத்தப் பார்ப்பார்கள். முதல் கூட்டத்திலேயே விளக்கிவிடுவது நல்லது.

பிரபவ வருஷம் 1867-லும் 1927-லும் 1987-லும் ஏப்ரல் நடுவில் தொடங்கியது. வருஷம் பங்குனியோடு முடிவதால் மாசி மாதம் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். ஆகவே 1927-ல் தொடங்கிய வருஷத்தை எடுத்துக்கொண்டால், உங்கள் தாத்தா பிறந்தது 1928 பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவுக்குள். 1927 என்று எழுதிவிடுவதுதான் வழக்கமாக நேரும் பிழை. அறுபது ஆண்டு முந்தி 1868 என்று கொண்டால், மூத்த பிள்ளை பிறந்தபோது அவருக்கு என்ன வயது என்று கணக்குப் பாருங்கள், தவறு பிடிபட்டுவிடும். ஜாதகத்தில் கிழமையும் நட்சத்திரமும் திதியும் சேர்ந்து இருந்தால் பழைய பஞ்சாங்கத்தை வைத்துச் சரியான நாளையே எடுத்துவிடலாம்.

கேள்வி: டர்பனில் குடும்ப வரலாற்றுக் குழு ஒன்றில் இருக்கும் ஒருவர், தன் கொள்ளுத்தாத்தாவின் கப்பல் பட்டியல் நகலை அனுப்பி ஊரைக் கண்டுபிடிக்கச் சொல்கிறார். வட ஆற்காடு ஜில்லா, குடியாத்தம் தாலுகா என்று இருக்கிறது. ஊர்ப் பெயர் புரியவில்லை. எங்கே தொடங்குவது?
– வாசகர், குடியாத்தம்

பதில்: 1860 முதல் 1911 வரை, டர்பன் இருக்கும் தென்னாப்பிரிக்க நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்கள் 1,52,184 பேர். முதல் கப்பல் ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. ஒவ்வொருவருக்கும் அங்கே ஓர் எண் தரப்பட்டது. நண்பரிடம் முதலில் அந்த எண்ணைக் கேளுங்கள். பெயர் பல விதமாக எழுதப்பட்டிருக்கும். ஆளைப் பிரித்துக் காட்டுவது எண்தான். அப்பா பெயர், வயது, உயரம், உடலில் உள்ள தழும்பு, ஜில்லா, தாலுகா, ஊர் முதலான விவரங்களும் பட்டியலில் இருக்கும். தட்டச்சு செய்த சுருக்கம் போதாது. கையெழுத்துப் பக்கத்தின் படமே வேண்டும்.

ஊர்ப் பெயரை எழுதியவர் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் இறக்கிவைத்தவர். அதனால் கண்ணால் படிக்காமல் வாய்விட்டுப் பல விதமாகச் சொல்லிப் பாருங்கள்: ல, ள, ழ மூன்றையும் மாற்றி, ‘ப’வை ‘வ’வாக்கி, கடைசி ‘பட்டு’, ‘குப்பம்’, ‘பள்ளி’ விழுந்திருக்கலாம் என்று வைத்துக்கொண்டு. பிறகு பழைய தாலுகாவின் ஊர்ப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். இன்றைய எல்லையை நம்பினால் ஏமாந்துபோவோம். அன்றைய வட ஆற்காட்டிலிருந்து சித்தூர், பலமநேர் பக்கத்துத் தாலுகாக்கள் 1911-ல் சித்தூர் மாவட்டத்துக்குப் போயின. எல்லையோரத்து ஊர் இன்று ஆந்திரத்தில் இருக்கலாம்.

ஊர் பிடிபட்டதும் அந்தக் காலத்துப் பிறப்புப் பதிவேட்டைத் தேடி அலைய வேண்டாம், கிடைப்பது அரிது. குலதெய்வம் எது, டர்பனில் அந்தக் குடும்பம் எந்தச் சாமிக்குப் பொங்கல் வைக்கிறது, பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்ப வைத்த பெயர்கள் எவை என்று கேட்டு வாங்கி, ஊரிலுள்ள பங்காளி வீடுகளோடு பொருத்துங்கள். சாதிக் கட்டத்தில் இருப்பதை முடிந்த முடிவாகக் கொள்ளாதீர்கள். எழுத்தர் எழுதியது அது.

இன்னொன்றைக் கட்டாயம் செய்யுங்கள். ஊருக்குள் நுழைந்ததும், வருகிறவர் சொத்துக்காக வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பாகம் கேட்டு வந்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் எழுந்துவிட்டால் தெரிந்தவரும் வாய் திறக்கமாட்டார். எதிர்ப்பக்கமும் கவனம் தேவை: ‘ஆமாம், எங்கள் சொந்தம்தான்’ என்று அவசரப்பட்டுச் சொல்கிறவரின் பேச்சை, அப்பா பெயரும் அண்ணன் தம்பி பெயரும் ஒத்துவரும் வரை டர்பனுக்கு எழுதாதீர்கள். கடல் கடந்து காத்திருப்பவருக்கு அந்த ஒரு வரி மிகப் பெரிது.

கேள்வி: குழுவில் டி.என்.ஏ. சோதனை செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, டொராண்டோ

பதில்: காகித வேலை முடியும் வரை அவசரமில்லை. அத்தை மகன், மாமன் மகள் திருமணங்கள் தலைமுறை தலைமுறையாக நடந்த குடும்பங்களில், தூரத்து உறவினர் நெருங்கிய உறவுபோலக் காட்டப்படுவார். செய்வதானால் உடன்பிறந்தவர்களிடமும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். முடிவு அவர்களைப் பற்றியும் பேசும்.

கேள்வி: பழைய கல்லறை எழுத்துகளைப் பதியும் வேலைக்குக் குழு என்னை அழைக்கிறது. என்ன கவனிக்க வேண்டும்?
– வாசகர், லெஸ்டர்

பதில்: கம்பித் தூரிகை, சுண்ணக்கட்டி, சவர நுரை மூன்றையும் கல்லருகே கொண்டுபோகாதீர்கள்; கல்லின் மேல்தோல் உரியும், இரசாயனம் உள்ளே இறங்கும். மங்கிய எழுத்தைப் படிக்க வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். ஒருவர் கண்ணாடியால் வெயிலைக் கல்லின் ஓரத்திலிருந்து சாய்த்துப் பிடிக்க, மற்றவர் படிக்கலாம். மேகமூட்டமானால் கைவிளக்குப் போதும். கல்லில் இருக்கும் வரிக்கு ஒரு வரியாக எழுதுங்கள், பிழையையும் பிழையாகவே. ஐயமான எழுத்தைச் சதுர அடைப்புக்குள் இடுங்கள். 1, 7 இரண்டும் 3, 8 இரண்டும் அதிகம் ஏமாற்றும். ஆண்டை இருவர் தனித்தனியாகப் படித்து ஒப்பிட்ட பிறகே ஏட்டில் ஏற்றுங்கள்.