பல்சக்கரங்களின் ஓசை

அன்புள்ள ஐயா,

பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களைப் பற்றிய குறிப்பில், ஹோண்டா விஎஃப்ஆர் 750 எஃப் வண்டியை அந்நிறுவனத்தின் மரபுக்குச் சிறந்த சான்று என்று எழுதியிருந்தீர்கள். நம்மூரில் வெகுகாலம் ஹோண்டா என்றால் ஹீரோ ஹோண்டாதான். ஹீரோ ஹோண்டா என்றால் மைலேஜ். அதற்கு மேல் நான் அறியேன். ஆனால் அந்த வண்டி அதன் காலத்திலேயே மிக வேகமானதும் அல்ல, மிக இலேசானதும் அல்ல என்று படித்தேன். அப்படியிருக்க, மரபு என்பது விளம்பரக்காரர்களின் சொல்தானே?

ச., ஈரோடு

அன்புள்ள ச. அவர்களுக்கு,

நீங்கள் படித்தது சரிதான். அதற்கு ஓராண்டு முன்பே வந்துவிட்ட சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 750 எடையில் வெகுவாகக் குறைந்தது. விளம்பரக்காரர்கள் மரபு என்ற சொல்லைத் தேய்த்துவிட்டார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதை எழுதும்போது என் மனத்தில் இருந்தவை ஹோண்டாவின் வெற்றிகள் அல்ல. இந்த வண்டிக்கு முன்னால் நிற்கும் இரண்டு தோல்விகள்.

முதலாவது பந்தயத்தில் நேர்ந்தது. 1967-க்குப் பிறகு உலகப் பந்தயங்களிலிருந்து விலகியிருந்த ஹோண்டா, 1979-இல் திரும்பி வந்தபோது 500 சிசி பிரிவில் எல்லோரும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களையே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஹோண்டாவோ ஃபோர்-ஸ்ட்ரோக்கில்தான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஒவ்வொரு சுற்றிலும் எரியும். மற்றது ஒன்றுவிட்டு ஒன்றில்தான் எரியும். அந்தக் குறையை ஈடுகட்ட எஞ்சின் மிக வேகமாகச் சுழல வேண்டும், அதற்குக் காற்றும் புகையும் போய்வர நிறைய வால்வுகள் வேண்டும். விதியோ நான்கு சிலிண்டருக்கு மேல் அனுமதிக்கவில்லை. எனவே ஒரு சிலிண்டருக்கு எட்டு வால்வுகள் வைத்து, அவற்றுக்கு இடம் கிடைப்பதற்காக வட்டமான பிஸ்டனையே நீள்வட்டமாக்கி, ஒவ்வொரு பிஸ்டனுக்கும் இரண்டு கனெக்டிங் ராடுகள் கொடுத்து என்ஆர் 500 என்ற பந்தய வண்டியைச் செய்தார்கள். இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் நடந்த முதல் பந்தயத்தில் இரண்டு வண்டிகளுமே முடிவுக்கோட்டைத் தொடவில்லை. கடைசிவரை அது ஒரு கிராண்ட் பிரீ பந்தயத்தையும் வெல்லவில்லை. 1983-இல் ஃப்ரெடி ஸ்பென்சர் ஹோண்டாவுக்காக உலகப் பட்டம் வென்றது டூ-ஸ்ட்ரோக் வண்டியில்தான் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

இரண்டாவது தோல்வி சாலையில். நான்கு சிலிண்டர்கள் இரண்டிரண்டாக ஆங்கில ‘வி’ எழுத்துப்போல் விரிந்து நிற்கும் வி-4 எஞ்சினில் என்ஆர் தந்த அனுபவத்தோடு 1982 முதல் விஎஃப் வரிசை வந்தது. அவற்றில் பல வண்டிகளில், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டின் புடைப்பு முனைகள் சீக்கிரமே குழிவிழுந்து தேய்ந்தன. வாங்கியவர்களின் நம்பிக்கையும் தேய்ந்தது.

1986-இல் வந்த விஎஃப்ஆர் இந்த இரண்டுக்கும் சேர்த்துச் சொன்ன பதில். 748 சிசி, 90 பாகை வி-4, அலுமினியச் சட்டகம், ஏறக்குறைய 100 குதிரைத்திறன். கேம் ஷாஃப்ட்டுகளைச் செயின் அல்ல, பல்சக்கரங்களே சுழற்றின. பற்களுக்கிடையே தளர்வு இராதபடி இரண்டு தகடுகளாகப் பிளந்து ஸ்பிரிங் வைத்த சக்கரங்களும் அவற்றில் உண்டு. உண்மையில் கேம் முனை தேய்வதற்குப் பல்சக்கரம் நேரடி மருந்து ஆகாது. செயின் இழுவிசை பற்றிய கவலையைத்தான் அது நீக்கும். இருந்தும் செலவைப் பாராமல் அதை வைத்தார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தின் டோனிங்டனில் மழை ஈரத்தில் நடந்த பந்தயம் ஒன்றில் ரான் ஹாஸ்லம் என்ற பந்தய வீரர், ஏறக்குறைய கடையிலிருந்து எடுத்த நிலையிலேயே இருந்த ஒரு விஎஃப்ஆரில் மூன்றாவதாக வந்தார்.

லண்டன் புறநகரில் என் நண்பர் ஒருவர் 1994-ஆம் ஆண்டு விஎஃப்ஆர் ஒன்றை வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் அதன் பின்சக்கரத்தைச் சுழற்றும் செயினைச் சரிசெய்வதைப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். பின்சக்கரத்தை ஒற்றைக் கைதான் தாங்குகிறது. மறுபக்கம் வெறுமையாக இருக்கிறது. ஒரு போல்ட்டைத் தளர்த்தி, கொக்கி போன்ற ஸ்பேனரால் அச்சுக்கூட்டைச் சிறிது திருப்பினார், செயின் இறுகியது. சக்கரம் கோணலாகிவிட்டதா என்று அளந்து பார்க்கும் வேலையே இல்லை. பிறகு எஞ்சினைக் கிளப்பினார். தையல் எந்திரமும் தொலைதூர விமான எந்திரமும் ஒன்றாக ஓடுவது போன்ற ஒரு சீழ்க்கை எழுந்தது. பழுது என்று நினைத்து நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பல்சக்கரங்கள் என்றார்.

நாளெல்லாம் நெடுஞ்சாலையில் முதுகு நோகாமல் போகவும், வளைவு வந்தால் பந்தய வண்டிபோல் சாயவும் ஒரே வண்டி போதும் என்று அக்கால ஐரோப்பியர்களை நம்பவைத்தது இதுவே. இதில் மிகை இல்லை என்றே நினைக்கிறேன்.

2002-இல் இவ்வரிசையின் 800 சிசி வண்டிக்குப் புதிய வால்வு ஏற்பாடு வந்தபோது கேம் ஷாஃப்ட்டுகளைச் சுழற்றிய பல்சக்கரங்கள் போய்ச் செயின் வந்தது. நண்பர் அதை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பழைய வண்டியையே வைத்துக்கொண்டார். அது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் தருகிறது என்று நான் கேட்டதில்லை. அடுத்தமுறை உங்களுக்காகக் கேட்கிறேன்.