அவங்களுக்கு மனசே இல்லையா மேடம்?

வணக்கம் மேடம்,

எனக்கு 34 வயசு. நல்ல வேலை, வீட்டுக்காரருக்கு அதைவிட நல்ல வேலை, பணத்துக்குக் குறையில்ல, அதனால இதெல்லாம் ஒரு பிரச்சனையான்னு நீங்களே நினைக்கலாம்.

எங்க ஆபீஸ்ல கிளீனிங் பண்ற அக்கா ஒருத்தங்க போன மாசம் படிக்கட்டுல வழுக்கி விழுந்துட்டாங்க. பக்கெட் கவுந்து தண்ணி ஓடுது, அவங்க மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருக்காங்க, மீட்டிங்குக்குப் போற எங்க டீம் ஆளுங்க ஷூ நனையாம தாண்டித் தாண்டிப் போறாங்க. மேனேஜர் மட்டும் திரும்பிப் பார்த்து "சீக்கிரம் தொடைக்கச் சொல்லுங்க, யாராச்சும் விழுந்துடப் போறாங்க"ன்னார். ஏற்கனவே விழுந்தவங்க கண்ணு முன்னாடி உக்காந்திருக்காங்க மேடம்!

நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன், எலும்பு முறிஞ்சிருக்கு. கான்ட்ராக்ட் வேலை, வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. குரூப்ல பணம் கலெக்ட் பண்ணலாமான்னு போட்டேன். ரெண்டு மூணு பேர் கைகூப்புற எமோஜி, ஒருத்தர் "பார்த்து நடந்திருக்கணும்"னு போட்டார், அப்புறம் வீக்கெண்ட் ட்ரிப் பேச்சு ஆரம்பிச்சிடுச்சு. நான் அங்கயே வாயில வந்ததைக் கொட்டிட்டேன். இப்போ நான் போனாலே "வந்துட்டாங்க சமூக சேவகி"ன்னு சிரிப்பு.

வீட்டுக்காரர்கிட்ட சொன்னா "உலகத்தையே நீ சுமக்க முடியுமா, விடு"ங்கறார். அவர் கெட்டவர் இல்ல, பொண்ணுக்குக் காய்ச்சல்னா ராத்திரி பூரா உக்காந்திருப்பார், அதான் எனக்குப் புரியவே இல்ல. தூக்கம் வரல, யார் சிரிச்சாலும் எரிச்சல். இவங்களுக்கு மனசே இல்லையா, இல்ல எனக்குத்தான் ஏதாச்சும் கோளாறா?

பெயர் வேண்டாம்.

*

வணக்கம்மா,

உங்களுக்குக் கோளாறு எதுவும் இல்ல. அவங்களுக்கு மனசு இல்லையான்னா, பொண்ணு பக்கத்துல ராத்திரி பூரா முழிச்சிருக்கறவருக்கு மனசு இல்லாம போகுமா? இருக்கு, ஆனா எது வரைக்கும் போகணும்னு எல்லை போட்டு வெச்சிருக்கார். பெரும்பாலானவங்க அப்படித்தான்.

உங்க லெட்டர்ல என்னை நிறுத்தினது அந்த "பார்த்து நடந்திருக்கணும்"தான். 1966ல மெல்வின் லெர்னர், கரோலின் சிம்மன்ஸ்னு ரெண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு பொண்ணு தப்பா பதில் சொன்னா ஷாக் குடுக்கற மாதிரி காட்டுவாங்க, அது நடிப்புன்னு பார்க்கறவங்களுக்குத் தெரியாது. அதை நிறுத்த வழி குடுக்கப்பட்டவங்கள்ல பெரும்பாலானவங்க நிறுத்தச் சொன்னாங்க. ஒண்ணும் பண்ண முடியாது, இன்னும் பார்த்துட்டுத்தான் இருக்கணும்னு ஆனவங்க என்ன பண்ணாங்க தெரியுமா, அந்தப் பொண்ணையே மட்டமா பேச ஆரம்பிச்சாங்க. நல்லவங்களுக்குக் கெட்டது நடக்காதுன்னு நம்பிட்டு இருக்கறவங்களுக்கு, அடிபட்டவங்க மேல ஒரு தப்பைக் கண்டுபிடிச்சாதான் நிம்மதி. வசதியா இருக்கறவங்களுக்கு இந்த நம்பிக்கை ரொம்பவே தேவைப்படுது, ஏன்னா அது பொய்யின்னா அவங்க அனுபவிக்கற வசதியும் வெறும் அதிர்ஷ்டமாயிடும்.

அவசரமும் ஒரு காரணம். 1973ல ஜான் டார்லி, டேனியல் பேட்சன்னு ரெண்டு உளவியலாளர்கள், பாதிரியார் படிப்பு மாணவர்கள் பேச்சு குடுக்கப் போற வழியில ஒரு ஆளை முனகிக்கிட்டு உக்கார வெச்சாங்க. நேரம் இருந்தவங்கள்ல 63 சதவீதம் பேர் உதவினாங்க, லேட்டாயிடுச்சுன்னு விரட்டப்பட்டவங்கள்ல 10 சதவீதம்தான். அந்த மாணவர்கள்ல பாதிப் பேர் பேசப் போனது, வழியில அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவின நல்ல சமாரியன்ங்கற பைபிள் கதையைப் பத்தி! பணக்காரங்களுக்கு இரக்கமே கம்மின்னு சொல்ற ஆய்வுகளும் இருக்கு, ஆனா திரும்பப் பண்ணிப் பார்த்தப்போ ஒரே மாதிரி வரல, அதனால நான் அதை ரொம்ப நம்பறதில்ல. நான் பார்த்தவரைக்கும் வசதி பண்ற வேலை வேற, ஒரு நாள் சம்பளம் போனா அடுத்தவங்க வீட்டுல என்ன நடக்கும்னு தெரிஞ்சுக்க வேண்டிய அவசியமே இல்லாம ஆக்கிடுது.

இதைச் சொன்னதால அவங்க பண்ணது சரின்னு ஆயிடாது. தாண்டிப் போனது தப்புதான், உங்க கோபமும் நியாயம்தான். ஆனா கோபத்தை வெச்சு திட்டினா அவங்க இன்னும் நல்லா மூடிக்குவாங்க, குத்த உணர்ச்சி வந்தவங்க முதல்ல தேடறது தப்பிக்கற கதவைத்தான். லெர்னர் சோதனையில பாருங்க, கையில ஒரு வழி இருந்து, அது பலிச்சதுன்னும் தெரிஞ்சவங்க அந்தப் பொண்ணை ரொம்பக் கம்மியாத்தான் பழிச்சாங்க. நீங்க குடுக்க வேண்டியது அந்த வழியைத்தான்.

குரூப்ல போடாதீங்க, அங்க எல்லாரும் அடுத்தவங்க பார்த்துப்பாங்கன்னு இருந்துடுவாங்க. அந்த மேனேஜரைத் தனியா பிடிங்க. "வேலை நேரத்துல விழுந்தவங்க, லீவு நாளுக்கு நஷ்டஈடு குடுக்கச் சொல்லி கான்ட்ராக்டருக்கு நீங்க ஒரு மெயில் போடணும், டிராஃப்ட் நான் தர்றேன்"னு சொல்லுங்க. கலெக்‌ஷனைவிட அதுதான் பெருசு, ஏன்னா அது அவங்களுக்கு உரிமை, தர்மம் இல்ல. வீட்டுக்காரர்கிட்ட உலகத்தைச் சுமக்கச் சொல்லாதீங்க, அடுத்த செக்கப்புக்கு அந்த அக்காவை வண்டில கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. ஒரு மணி நேரம் பக்கத்துல உக்காந்து பேசினா அவர் போட்ட எல்லை கொஞ்சம் நகரும்னு நினைக்கறேன், நகரலைன்னாலும் அந்த அக்காவுக்கு ஒரு நாள் ஆட்டோ செலவு மிச்சம்.

இன்னொண்ணு, சொன்னா வருத்தப்படாதீங்க. உங்க லெட்டர்ல ஆபீஸ் ஆளுங்க பத்தி நிறைய இருக்கு, அந்த அக்காவுக்கு இப்போ என்ன வேணும்னு எங்கயும் இல்ல. பணமா, வேலை போகாம இருக்கணுமா, வீட்டு வேலைக்கு ஆள் துணையா? மேனேஜர்கிட்ட போறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட கேளுங்க, அவங்க பேரைச் சொல்லி மெயில் போறது அவங்களுக்கு ஓகேவான்னும் கேட்டுக்கோங்க, அதனால அவங்க வேலைக்கு ஆபத்து வந்துடக் கூடாது.

தூக்கம் இன்னும் ரெண்டு வாரத்துல சரியாகலைன்னா நேர்ல ஒரு ஆலோசகரைப் பாருங்க. சமூக சேவகின்னு சிரிக்கறவங்களுக்குப் பதில் சொல்லிட்டு இருக்க வேணாம்.