யூடிபியில் சென்ட்டூ தோற்றால் அதே பாக்கெட்டை மறுபடி அனுப்பலாமா?

யூடிபி என்பது போய்ச் சேர்ந்ததா என்று பார்க்காமல் பாக்கெட் அனுப்பும் முறை. நான்பிளாக்கிங் (காத்திருக்காமல் உடனே திரும்பும்) யூடிபி சாக்கெட்டில், பாக்கெட்டை அனுப்பும் சென்ட்டூ (sendto) அழைப்பு மைனஸ் ஒன்று, அதாவது தோல்வி என்று தந்தால், வெற்றி பெறும்வரை லூப்பில் அனுப்பிக்கொண்டே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். சிபியு 100 சதவீதத்துக்குப் போகிறது, இது சரியா என்பது உங்கள் கேள்வி.

சரியில்லை. அந்த லூப்பை முதலில் எடுத்துவிடுங்கள். பினாங்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் மெஷின்களின் வெப்பநிலை அளவுகளை யூடிபியில் அனுப்பும் புரோகிராம்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அங்கே நான் முதலில் பார்ப்பது எர்நோவை (errno), அதாவது என்ன பிழை என்று சொல்லும் எண்ணைத்தான்.

ஈஅகெயின் (EAGAIN) வந்தால் சாக்கெட்டின் அனுப்பும் பஃபர் நிறைந்துவிட்டது. சாக்கெட் தயாரா என்று பார்க்கும் போல் (poll) அழைப்பில், ‘எழுதலாம்’ என்று சொல்லும் போல்அவுட்டுக்குக் (POLLOUT) காத்திருங்கள், ஆனால் ஒரு கால வரம்போடு. அதற்குள் புதிய அளவு வந்துவிட்டால் பழையதைத் தூக்கிப் போடுங்கள். ஆறிப்போன வெப்பநிலையை வரிசையில் நிற்கவைத்து யாருக்கு என்ன லாபம்?

ஈநோபஃப்ஸ் (ENOBUFS) வேறு ரகம். மேக், ஃப்ரீபிஎஸ்டி இரண்டிலும் நெட்வொர்க் கார்டின் வரிசை நிறைந்தால் இது வரும். அப்போதும் போல் அழைப்பு ‘எழுதலாம்’ என்றே சொல்லும், அதனால் சில மில்லிசெகண்டு தூங்கிவிட்டுத்தான் முயல வேண்டும். லினக்ஸில் பெரும்பாலும் இந்தப் பிழையே வராது. வரிசை வழிந்தால் பாக்கெட் சத்தமில்லாமல் விழுந்துவிடும்.

பலரைக் குழப்புவது ஈகான்ரெஃப்யூஸ்ட் (ECONNREFUSED). கனெக்ட் செய்த யூடிபி சாக்கெட்டில், முன்பு அனுப்பிய பாக்கெட்டுக்கு எதிர்முனையிலிருந்து ‘இந்த போர்ட்டில் யாரும் இல்லை’ என்று ஐசிஎம்பி (நெட்வொர்க் பிழைகளைத் தெரிவிக்கும்) செய்தி திரும்பி வந்திருக்கும். கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதை உங்கள் அடுத்த அழைப்பில் சொல்கிறது. இப்போது கையில் இருக்கும் பாக்கெட் இன்னும் வெளியே போகவே இல்லை. லினக்ஸில் பிழையைச் சொன்னதும் அது அழிந்துவிடுவதால், உடனே ஒரே ஒரு முறை மறுபடி அனுப்புவது நியாயம். அதற்கு மேல் வேண்டாம்.

ஈஎம்எஸ்ஜிசைஸ் (EMSGSIZE) என்றால் பாக்கெட் மிகப் பெரிது, எத்தனை முறை அனுப்பினாலும் போகாது. ஐபிவி4-இல் யூடிபிக்குள் அடங்கும் உச்ச அளவு 65,507 பைட். அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே போகாதீர்கள். ஈதர்நெட்டில் துண்டாகாமல் போவது 1,472 பைட், பிபிபிஓஈ (PPPoE) என்ற இணைப்பு முறை வழியாக வரும் வீட்டு ஃபைபரில் இன்னும் 8 குறையும். நான் 1,200-க்குள் வைத்துக்கொள்கிறேன், யூடிபி மேல் ஓடும் குயிக் (QUIC) புரோட்டோகாலும் அந்த அளவையே அடித்தளமாக வைத்திருக்கிறது. ஈபெர்ம் (EPERM) வந்தால் ஐபிடேபிள்ஸ் (லினக்ஸ் ஃபயர்வால்) விதிகளைப் பாருங்கள். ஈநெட்அன்ரீச் (ENETUNREACH) என்றால் அந்த நெட்வொர்க்குக்குப் போகும் வழி (ரூட்) இல்லை, சில விநாடி விட்டு முயலுங்கள்.

அப்புறம் ஒன்று. சென்ட்டூ வெற்றி என்றால் கெர்னல் வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். எதிர்முனைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று அது சொல்லாது. எச்சரிக்கை மணி அடிக்கும் செய்தி போல, கட்டாயம் சேர வேண்டியதற்கு வரிசை எண் போட்டு, பதில் ஒப்புகை வாங்குங்கள், இல்லையென்றால் ஒப்புகையைத் தானே பார்த்துக்கொள்ளும் டிசிபிக்கு மாறுங்கள். ஒவ்வொரு தோல்வியையும் லாகில் எழுதாமல், எர்நோ வாரியாக எண்ணி நிமிடத்துக்கு ஒரு வரி எழுதினால் போதும். உங்கள் புரோகிராமில் எந்தப் பிழை அதிகம் வருகிறது என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும்.