சுட்டு எடுக்கும் முன் சதைப் பரிசோதனை

கேள்வி: என் அம்மாவுக்கு 63 வயது. பிறப்புறுப்பின் உதட்டில் மிளகு அளவில் ஒரு கருப்பு முடிச்சு இருக்கிறது. எட்டு மாதமாக அரிப்பு. மருந்துக் கடையில் கொடுத்த களிம்பு இரண்டு ட்யூப் தீர்ந்தும் குறையவில்லை. இப்போது உள்ளாடையில் இரத்தக் கறை படுகிறது. பக்கத்து கிளினிக்கில், "மரு மாதிரிதான் தெரிகிறது, பத்து நிமிடத்தில் சுட்டு எடுத்துவிடலாம்" என்கிறார்கள். சதை எடுத்துச் சோதித்தால் பரவிவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: சுட விடாதீர்கள். மற்றதையெல்லாம் பிறகு படித்துக்கொள்ளலாம், முதலில் அந்த கிளினிக்கில் வாங்கிய நாளை ரத்து செய்யுங்கள்.

அந்த முடிச்சு புற்றுநோய்தான் என்று நான் சொல்லவில்லை. அந்த இடத்தில் வரும் கரும்புள்ளிகளில் பெரும்பாலானவை வெறும் நிறமேற்றம்தான். ஆனால் மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆன ஒரு பெண்ணுக்கு, அரித்து, தடித்து, இரத்தம் கசியும் கருப்பு முடிச்சைக் கண்ணால் பார்த்து "மரு" என்று தீர்ப்புச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. என்னாலும் முடியாது. மெலனோமா என்ற தோல் புற்றுநோய் அங்கும் வரும். வெயிலே படாத இடத்தில் எப்படி என்று கேட்பார்கள். இந்த வகைக்கு வெயில் தேவையே இல்லை. பிறப்புறுப்பின் வெளிப்பகுதியில் வரும் புற்றுநோய்களில் இது நூற்றுக்குச் சுமார் 5 முதல் 10 வரை இருக்கும். அபூர்வம்தான், ஆனால் வேகமாகப் பரவக்கூடியது. ஏறக்குறைய நான்கில் ஒன்று கருப்பாகவே இருக்காது, சிவந்த சதைத் துணுக்கு போல ஏமாற்றும்.

சுடுவதை நான் ஏன் இவ்வளவு எதிர்க்கிறேன் என்று கேட்பீர்கள். மெலனோமாவில் சிகிச்சையை முடிவு செய்வது அது தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் ஆழம் இறங்கியிருக்கிறது என்ற கணக்கு. 1 மில்லிமீட்டருக்குள் என்றால் ஒரு சிகிச்சை, 2 மில்லிமீட்டரைத் தாண்டினால் வேறு. மின்சாரத்தாலோ லேசராலோ சுட்டால் சதை கருகிவிடும். பிறகு எதை அளப்பது? இரண்டு முறை சுடப்பட்டு, சோதனைக்கு ஒரு துணுக்கும் அனுப்பப்படாமல், தொடை இடுக்கில் நெறி கட்டிய பிறகு என்னிடம் வந்த ஒரு தாயை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அவர் கையில் இருந்தது பணம் கட்டிய ரசீது மட்டும்தான்.

சதைப் பரிசோதனையால் நோய் பரவாது. இந்த வதந்தி கிராமம், நகரம் என்று பாராமல் எத்தனையோ பெண்களின் நாட்களைத் தின்றிருக்கிறது. மரத்துப்போகும் ஊசி போட்டு, முடிச்சு சிறியதாக இருந்தால் சுற்றிலும் இரண்டு மில்லிமீட்டர் நல்ல தோலோடு முழுவதுமாக எடுப்பார்கள். பெரியதாக இருந்தால் மிகவும் தடித்த இடத்திலிருந்து முழு ஆழத்துக்கு ஒரு துண்டு எடுப்பார்கள். மேலாகச் சுரண்டி எடுப்பது போதாது. அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம்.

எடுத்த சதை, அது கெடாமல் காக்கும் ஃபார்மலின் என்ற திரவம் உள்ள பாட்டிலில்தான் போக வேண்டும். சில இடங்களில் உப்புத் தண்ணீரில் போட்டு, பெயரும் எழுதாமல், "லேபில் கொடுத்துவிடுங்கள்" என்று உறவினர் கையில் திணிக்கிறார்கள். அழுகிய சதையை வைத்துக்கொண்டு நோய்க்கூறு நிபுணர் என்ன செய்வார்? பாட்டிலில் பெயர், எடுத்த இடம், தேதி எல்லாம் இருக்கின்றனவா என்று நீங்களே பாருங்கள். கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். முடிவு மெலனோமா என்று வந்தால், அறிக்கையில் ஆழம் மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். இல்லையென்றால் திரும்பப் போய்க் கேளுங்கள். மெழுகில் பதித்து வைத்த சதைக் கட்டியையும் கண்ணாடித் தகடுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய மருத்துவமனையில் முதலில் கேட்பது அவற்றைத்தான். சில ஆய்வகங்கள் அவற்றைத் தர ஒரு வாரம் அலைக்கழிப்பதை எத்தனை முறை சொல்லியும் மாற்ற முடியவில்லை.

அடுத்து அந்தக் களிம்பு. கடையில் கேட்டவுடன் கிடைக்கும் அரிப்புக் களிம்புகளில் பெரும்பாலும் வீரியமான ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமி மருந்து மூன்றும் கலந்திருக்கும். 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. கடைக்காரர்கள் காதில் அது ஏறியதாகத் தெரியவில்லை. அரிப்பு கொஞ்சம் அடங்கும், "குணமாகிறது" என்று நம்புவோம், மாதங்கள் ஓடிவிடும். பேஜெட் நோய் என்று இன்னொரு வகைப் புற்றுநோய், சிவந்த படை போலவே இருக்கும். அதையும் இப்படித்தான் ஆண்டுக்கணக்கில் படர்தாமரை என்று பூசி வளர்க்கிறார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஸ்டீராய்டைப் பற்றி நான் எழுதும்போதெல்லாம் தேவையானவர்களும் அதை நிறுத்திவிடுகிறார்கள். லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்று ஒரு தோல் நோய் உண்டு. அந்த இடம் வெளுத்து, வெங்காயச் சருகு போல மெலிந்து சுருங்கும். அரிப்பு இரவில் தூங்க விடாது. அதற்கு மருந்தே குளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டுதான். முதல் மூன்று மாதம் ஒழுங்காகவும், பிறகு வாரத்துக்கு ஓரிரு முறையுமாகப் பல ஆண்டுகள் பூச வேண்டியிருக்கும். பூசாமல் விட்டால்தான் ஆபத்து, ஏனென்றால் கவனிக்காத லைக்கனில் வேறு வகைப் புற்றுநோய் முளைக்கும் வாய்ப்பு அதிகம். பார்த்து, பெயர் சொல்லி, மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தால் இந்தப் பதிலைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். அந்த வெளுத்த தோலில் புதிதாகப் புண்ணோ முடிச்சோ வந்தால் மட்டும் உடனே காட்டுங்கள். உங்கள் அம்மாவுக்கு அப்படி யாரும் பெயர் சொல்லவில்லை, கடைக்காரர்தான் கொடுத்தார். அதனால் அம்மா பூசுவதை இன்றே நிறுத்தலாம்.

சதை முடிவு வரும் முன் ஸ்கேன் எதுவும் எடுக்க வேண்டாம். "புற்றுநோய் இரத்தப் பரிசோதனை, சலுகை விலை" என்று வருபவர்களை வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். இந்த நோயைக் கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனை கிடையாது. பெரிய மருத்துவமனை வாசலில் "சீக்கிரம் பார்க்க வைக்கிறேன்" என்று வரும் ஆள் கமிஷனுக்காக உங்களை வேறு எங்கோ கூட்டிப்போவார். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கும் யாருக்கும் பணம் தர வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று பெற்று, குடும்ப அட்டையுடன் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போனால் போதும்.

ஒருவேளை மெலனோமா என்றே வந்தாலும், பிறப்புறுப்பு முழுவதையும் அகற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரிடம் கேளுங்கள். ஆழத்தைப் பொறுத்துச் சுற்றிலும் 1 அல்லது 2 சென்டிமீட்டர் நல்ல தோலோடு எடுத்தாலே பெரும்பாலும் போதும். முழுவதும் அகற்றுவதால் ஆயுள் கூடுவதில்லை. தொடை இடுக்கில், நோய் பரவினால் முதலில் போய்ச் சேரும் நெறியை மட்டும் எடுத்துப் பார்க்கும் முறையும் உண்டு. பரவியிருந்தால் நோயெதிர்ப்பைத் தூண்டும் ஊசிகள் இருக்கின்றன, விலை கடுமை. கிட் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் மலிவாகக் கிடைக்கும் இமாடினிப் மாத்திரை சிலருக்கு உதவுகிறது.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனை உங்களுக்கு அருகில்தான். இந்த வாரமே புறநோயாளிப் பிரிவில் மகளிர் மருத்துவரிடம் காட்டுங்கள். அம்மா கூச்சப்பட்டால் பெண் மருத்துவர் வேண்டும் என்று சீட்டுப் போடும் இடத்திலேயே சொல்லிவிடுங்கள். "அரிப்பு" என்று மட்டும் சொன்னால் மறுபடியும் களிம்புதான் கிடைக்கும். "கருப்பு முடிச்சு, எட்டு மாதம், இரத்தம் வருகிறது, சதைப் பரிசோதனை வேண்டும்" என்று இதே வரிசையில் சொல்லுங்கள். பூசிய இரண்டு ட்யூப்களையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள்.