பழைய எண்டர்பிரைஸ் மட்டும் வார்ப் 14 போனது எப்படி?

தொடர்ச்சிப் பிழை இல்லை, விண்கலங்கள் ஒளியை மிஞ்சிப் பறக்கும் வேகத்தைச் சொல்லும் 'வார்ப்' எண்ணின் அளவுகோல்தான் மாறியது. 'ஸ்டார் ட்ரெக்'கின் 1960களின் தொடரில் எண்டர்பிரைஸ் விண்கலம் வார்ப் 14.1 தொடுகிறது, பின்னால் வந்த 'வாயேஜர்' தொடரிலோ வார்ப் 10 என்றாலே முடிவிலி வேகம். உங்கள் குழப்பம் இதுதானே?

பழைய கணக்கு எளிது. வார்ப் 6 என்றால் 6×6×6, ஒளியைப் போல 216 மடங்கு வேகம். 1987-இல் தொடங்கிய 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடருக்காக, 10-ஐ முடிவிலியாக வைத்து அளவை மாற்றினார்கள். அதே வார்ப் 6 அங்கே 392 மடங்கு. அதனால் எண்ணை ஒப்பிடும் முன் எந்தத் தொடர் என்று பாருங்கள். பழையது என்றால் மேலே சொன்னபடி பெருக்கிப் பாருங்கள், 14.1-க்கு ஏறத்தாழ 2,800 மடங்கு வரும்.

ஒன்று மட்டும் இடிக்கும். 1994-இல் வந்த நெக்ஸ்ட் ஜெனரேஷன் கடைசிக் கதையின் எதிர்காலக் காட்சியில் வார்ப் 13 என்று சர்வசாதாரணமாகக் கட்டளை போடுகிறார்கள். அளவுகோலை மறுபடி மாற்றிவிட்டார்கள் என்று நான் சமாதானம் செய்துகொள்கிறேன், தொடரில் அப்படி யாரும் சொல்லவில்லை.