பாதி நீலச் சுவர்

கேள்வி: சென்ற ஆண்டு எங்கள் தெருவில் 6 நாள் படப்பிடிப்பு நடந்தது. படம் இப்போது வந்திருக்கிறது. எங்கள் தெரு அதில் ராமேஸ்வரமாகிவிட்டது. நன்றி சொல்லும் இடத்தில்கூட ஊர்ப் பெயர் இல்லை. தெருமுனையில் சிலுவை வைத்து வணங்கும் குருசடியை ஓலைத் தட்டி வைத்து மறைத்துவிட்டார்கள். ஊர்க்காரர்களோ தியேட்டரில் தங்கள் வீட்டைக் கண்டு கைதட்டுகிறார்கள். எனக்கு மட்டும் ஏன் வலிக்கிறது?
- ஒரு வாசகர், குளச்சல்

பதில்: கைதட்டியவர்கள் மேல் கோபம் வேண்டாம். பிறந்து வளர்ந்த வாசற்படியைத் திரையில் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு விம்மும். ஊர்ப் பெயர் போடாததையும் நான் பெரிய குறையாக நினைக்கவில்லை. கதை நடக்கும் ஊருக்குப் பெயர் வைக்கும் உரிமை கதை சொல்பவருக்கு உண்டு. 1993-இல் வந்த ‘மணிச்சித்ரத்தாழ்’ மலையாளப் படத்தில் மாடம்பள்ளி வீடாக வருவதில் ஒரு பகுதி நம் பத்மநாபபுரம் அரண்மனைதான். அதனால் அரண்மனைக்கு எந்தக் குறைவும் வந்துவிடவில்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி நம் கன்னியாகுமரி மாவட்டம் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்த பிறகும் அந்த அரண்மனையைக் கேரள அரசுதான் பராமரித்து வருகிறது. இரண்டு பக்கமும் உறவு வைத்துக்கொண்டு வாழ்வது நம் மண்ணுக்குப் புதிதல்ல.

ஆனால், ராமேஸ்வரம் என்று சொல்பவர்கள் கடலையாவது ஒரு முறை பார்த்திருக்க வேண்டும். அங்கே வடகடல் பெரும்பாலும் குளம்போல் கிடக்கும். பெண்கடல் என்றே மீனவர்கள் அதைச் சொல்வார்கள். நம் கரையில் ஆனி, ஆடி மாதங்களில் வள்ளம் இறக்கவே அலை விடாது. அந்த அலையைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒருவர் ராமேஸ்வரம் என்று பேசினால், கரையில் நின்று கரமடி வலை இழுத்த கைகள் நம்பாது. பேச்சும் அப்படித்தான். குடிக்க ‘வெள்ளம்’ கேட்கும் வீட்டு முற்றத்தில் நின்று மதுரைத் தமிழ் பேசுகிறார்கள்.

என் சித்தி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கடற்கரையோரம் பழைய ஓட்டு வீடு. சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர். படப்பிடிப்புக்கு வந்தவர்கள் காட்சிக்கு நீலம்தான் வேண்டும் என்று கேட்டு, ஒரே காலையில் அடித்தார்கள். எதுவரை அடித்தார்கள் தெரியுமா? கேமராவுக்குத் தெரிகிற எல்லை வரை. திண்ணைப் பக்கம் நீலம், ஜன்னலின் இடது சட்டத்தோடு அது நின்றுவிடும்; அதற்கு அப்பால் பழைய வெள்ளை. முடித்ததும் முழுவதும் அடித்துத் தருவோம் என்று சொன்னவர்கள் மறுநாள் வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. உப்புக் காற்றில் நீலம் பொரிந்து பொரிந்து உதிர்கிறது. சித்தி தினமும் காலையில் வாசலோடு சேர்த்து அதையும் பெருக்குகிறார். அன்று கரையில் மடி இழுத்துக்கொண்டிருந்தவர்களையும் ஒதுங்கி நிற்கச் சொன்னார்களாம். கடலில் விட்ட மடி யாருக்காகவும் காத்திருக்காது. கைவிட்டுப் போன அந்தச் சாளை மீனுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுத்தவர் யாரும் இல்லை.

இப்போது உங்கள் வலிக்கு வருகிறேன். நம் மாவட்டக் கடற்கரை ஊரான முட்டத்தில் எடுத்த ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981), ‘கடலோரக் கவிதைகள்’ (1986) இரண்டையும் நான் பல முறை பார்த்திருக்கிறேன். இப்போதெல்லாம் கண் நாயகன், நாயகி மேல் நிற்பதில்லை. அவர்களுக்குப் பின்னால் போய்விடுகிறது. பாறைகள், மணல், வெறும் கரை. இன்று அங்கே மீன்பிடித் துறைமுகம் வந்து கரையின் முகமே மாறிவிட்டது. அன்றைய முட்டத்தை என் வீட்டுப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் அந்தப் படங்களைத்தான் போட்டுக் காட்டுகிறேன். படம் எடுத்தவர்கள் அதற்காக எடுக்கவில்லை. ஆனாலும் நமக்கு அது கிடைத்திருக்கிறது.

உங்கள் தெருவுக்கும் அப்படி ஒன்று கிடைத்திருக்க வேண்டும். 20 ஆண்டு கழித்து உங்கள் பேரன் அந்தப் படத்தைப் போட்டுத் தெருமுனையைத் தேடுவான். பாட்டி மெழுகுதிரி ஏற்றிய குருசடி இருந்த இடத்தில் அவன் ஓர் ஓலைத் தட்டியைப் பார்ப்பான். உங்களுக்கு வலித்தது அதனால்தான். அந்த வலி நியாயமானது. ஆனால் ஒன்று கேட்கிறேன்: தட்டி கட்டிய அன்று ஊரில் ஒருவராவது ‘ஏன்?’ என்று கேட்டீர்களா? பங்குத்தந்தையிடம் சொன்னீர்களா? 6 நாளும் நடிகரோடு போட்டோ எடுக்க நின்ற கூட்டத்தில் நீங்களும் இருந்திருப்பீர்கள் என்றே நினைக்கிறேன்.

அடுத்த படக்குழு இடம் பார்க்க வரும். ஒரு தெரு ஒருமுறை திரையில் வந்துவிட்டால் நிச்சயம் வரும். அப்போது ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேரோடு நீங்களும் போய் நில்லுங்கள். குருசடி வேண்டாமென்றால் தட்டி கட்டாமல் கேமராவைத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். தொழில் கெடும் நாளுக்கான கூலியைப் பேசுங்கள். சுவருக்கு வண்ணம் அடித்தால் முழுச் சுவருக்கும் அடித்துத் தர வேண்டும் என்பதையும் சேர்த்து, வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.